பூனைகள் ஏறிய பலகைத்தட்டு

பள்ளிக்கூடம் விட்டு வந்து கொல்லைக் கதவைத் தள்ளினேன். எங்கள் பலகைத்தட்டின் மேல் பூனைகள் உட்கார்ந்திருந்தன.

ஒன்றிரண்டு பூனை என்றால் இதை எழுதவே மாட்டேன். எங்கள் ஸ்ரீவராகம் அக்கிரகாரத்தில் எத்தனை பூனைகள் உண்டோ அத்தனையும் அன்று எங்கள் கொல்லையில்தான் இருந்தன. வெள்ளை, கறுப்பு, சாம்பல், காது அறுந்தது, வயிறு தொங்கியது என்று எல்லாம் கலந்த கூட்டம். சில மல்லாந்து புரண்டன. சில பலகையில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து மயங்கின. ஒரு கிழட்டுக் கடுவன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பலகையை நக்கிக்கொண்டே இருந்தது, பாயசம் முடிந்தும் இலையை விட மனம் வராத சம்பந்தியைப் போல.

நடுவில் அப்பா நின்றார். இடுப்பில் தாறுபாய்ச்சிய வேஷ்டி, கையில் எண்ணெய் சொட்டும் துணிப்பந்து, முகத்தில் பெரிய பந்தியை முடித்துவிட்ட திருப்தி.

"வந்துட்டயா அலமு? பாரு, என்ன மினுமினுப்பு! இந்த இடவப்பாதி மழைக்கு ஒரு சொட்டு வெள்ளம் உள்ளே எறங்காதாக்கும்."

"அப்பா, பூனை..."

"அதுகளுக்கும் வழவழன்னு இருக்கறது பிடிச்சிருக்கு போலேருக்கு. சாரமில்லை, விடு."

அப்போதுதான் வாசனை என்னை எட்டியது. கடற்கரையிலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமாக வரும் பெண்கள் தெருமுனையைத் தாண்டும்போது நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அந்த வாசனைதான். ஆனால் அதைக் காய்ச்சி, வடிகட்டி, டின்னில் அடைத்து, பங்குனி வெயிலில் சூடாக்கினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

கொல்லை அறையின் ஜன்னல் கம்பிகளுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அலமு! உங்கப்பா பண்ணியிருக்கற காரியத்தைப் பார்த்தயோ! கத்திக் கத்தி நேக்குத் தொண்டை போச்சு. 'வெறுதே சத்தம் போடாதே'ங்கறார்!"

அம்மா அன்று ஒதுங்கி இருந்தாள். வெளியே வரக்கூடாது, எதையும் தொடக்கூடாது. பார்க்கலாம், கத்தலாம். இரண்டையும் குறைவில்லாமல் செய்துகொண்டிருந்தாள்.

அப்பளம் உலர்த்தும் தட்டு. அக்கிரகாரத்து அப்பளம். அதன்மேல் மீனெண்ணெய்.

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது.

அப்பளம் போட்ட படிப்பு

என் பள்ளிக்கூட முதல் நாளைப் பற்றி இந்தப் பத்திரிகையில் நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, சமையற்காரர் வீட்டுப் பெண்ணுக்குப் படிக்க வசதி எங்கிருந்து வந்தது என்று சில வாசகிகள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அப்பளத்திலிருந்து வந்தது.

அப்பா கல்யாணச் சமையற்காரர். அவருடைய அப்பாவும் அப்படியே. எங்கள் குடும்பத்தில் கரண்டி பிடிக்காத கை கிடையாது, பேனா பிடித்த கையும் கிடையாது. பேனா பிடித்த முதல் கை இதுதான். இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு பெயர்ப்பலகையை நான் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்த அன்று, அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவை மேலும் கீழுமாக நடந்தார். ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் நின்று, "இது?" என்பார். நான் படிப்பேன். கடைக்காரர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவார். அன்று வாங்கப் போன புளியை வாங்காமலே வீட்டுக்கு வந்தோம்.

கல்யாணம் வருஷம் முழுக்க நடக்காது. அப்பளம் வருஷம் முழுக்கத் தேவை. அம்மா மாவு இடிப்பாள், அப்பா பிசைவார், நான் இடுவேன். பள்ளிச் சம்பளமும் புத்தகமும் அதிலிருந்து வந்தன. அந்த வருஷம் நான் ஐந்தாம் பாரம். அடுத்தது ஆறாம் பாரம், அதோடு பள்ளி முடியும். அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "தெருவிலே அப்பளம் போறவரைக்கும் நீ பள்ளிக்கூடம் போ. அது நின்னா இதுவும் நின்னது."

தெருவில் அப்பளம் போவது ஒருவர் கையில் இருந்தது. மூலைவீட்டுத் தங்கம் மாமி. மாமி வாங்கினால் தெரு வாங்கும். மாமி முகத்தைச் சுளித்தால் தெருவே சுளிக்கும். சித்திரையில் மாமியின் பெண்ணுக்குக் கல்யாணம். அத்தனை பந்திக்கும் அப்பளம் யார் வீட்டிலிருந்து என்பதை முடிவு செய்ய, அன்று சாயங்காலம் கோயிலில் தீபாராதனை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். "உங்காத்துத் தட்டிலே உட்கார்ந்து ரெண்டு பொரிச்சுத் தின்னு பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்."

என்னைப் புத்தகத்தோடு பார்க்கும்போதெல்லாம் மாமி கேட்பது ஒன்றுதான்: "என்னடி, படிச்சுத் திவானாகப் போறயாக்கும்?"

"ஆகலாம் மாமி" என்று நானும் சொல்வேன். அம்மா என் முதுகில் கிள்ளுவாள்.

தட்டின் கதை

இனி அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திருவனந்தபுரத்தில் அப்பளம் போடுவதும் ஆற்று நடுவில் விளக்கேற்றுவதும் ஒன்று. தரை எப்போதும் ஈரம். வெயில் வரும்போதே மேகமும் கூட வரும். அதனால் நான் குழந்தையாக இருந்தபோது அப்பா கொல்லையில், கிணற்றுக்கும் கொல்லை அறைக்கும் நடுவில், இடுப்பு உயரத்துக்குக் கருங்கல் நிறுத்தி, அதன்மேல் தென்னந்தடி போட்டு, அதன்மேல் அயினி மரப் பலகைகளைப் பரப்பினார். வள்ளக்கடவில் பழைய மரம் மலிவாகக் கிடைத்தது என்பார். ஆணி அடிக்கவில்லை. பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருந்தன. அவற்றின் வழியாகக் கயிறு விட்டுத் தடியோடு சேர்த்துக் கட்டினார்.

"இந்தத் துளை எதுக்குப்பா?"

"வெள்ளம் வடியறத்துக்கு."

நான் நம்பினேன். அந்தத் துளைகளுக்குள் புளியங்கொட்டை போட்டு விளையாடினேன். பெரியவளானதும் பென்சிலைச் செருகி வைத்தேன். நடுவில் இரண்டு பலகைகள் கிண்ணம் போலக் குழிந்தவை. உட்கார்ந்தால் தொட்டில் மாதிரி ஆடும். அங்கே ஆடிக்கொண்டேதான் நான் பூகோளம் படித்தேன். இன்றைக்கும் தென்னமெரிக்கா என்றால் எனக்கு இலேசாக ஆடும்.

அந்தத் தட்டைக் காப்பாற்றுவது ஒரு குழந்தையைக் காப்பாற்றுவது போல. மழை விட்டதும் பாசி பிடிக்கும். தேங்காய் மட்டையால் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்க்க வேண்டும். இடுக்கில் சேரும் இலையை ஈர்க்குச்சியால் நோண்ட வேண்டும். கல்காலில் கறையான், எங்கள் பேச்சில் சிதல், மண்கோடு போட்டு ஏறும். தினம் தட்டிவிட வேண்டும். இற்றுப்போன கயிற்றை மாற்ற வேண்டும். இவ்வளவு செய்தும் அந்தக் குழிந்த பலகைகளில் மட்டும் தண்ணீர் தேங்கும். அங்கே மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் நிலைக்கு வந்திருந்தது.

"மரத்துக்கு எண்ணெய் தேய்க்கணும்" என்று நான்தான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். என்ன எண்ணெய் என்று பாடத்தில் இல்லை.

அப்பா உடனே சாலைக் கடைத்தெருவுக்குப் போய், ஒரு கடையில், "மரத்துக்குத் தேய்க்க ஒசத்தி எண்ணெய் எது?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரன் பொய் சொல்லவில்லை. மரத்துக்கு உசத்தி எண்ணெயைத்தான் கொடுத்தான். எந்த மரத்துக்கு என்று அவன் கேட்கவில்லை, எதிலிருந்து எண்ணெய் என்று இவரும் கேட்கவில்லை.

அப்பாவின் மூக்கு

மோந்து பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் ரகசியம்.

என் அப்பாவுக்கு மூக்கு வேலை செய்யாது. பதினைந்து வயதிலிருந்து பட்டணம் மூக்குப்பொடி. அது மூக்கின் கதவை எப்போதோ சாத்திவிட்டது. சமையற்காரருக்கு வாசனை தெரியாது என்றால் யார் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள்? அதனால் வீட்டில் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் அன்று தெரியாது. அப்பா காதால் சமைப்பார். கடுகு வெடிக்கும் சத்தம், ரசம் நுரைக்கும் சத்தம், பாயசம் அடியில் பிடிப்பதற்கு முன்னால் முணுமுணுக்கும் சத்தம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. யாராவது, "ஆகா, என்ன மணம்!" என்றால் அப்பாவும் மூக்கை உறிஞ்சி, "பின்னே?" என்பார்.

அந்த மூக்கோடுதான் அன்று முழு டின் எண்ணெயையும் தேய்த்திருந்தார்.

"இது மீனெண்ணெய்ப்பா" என்றேன், மெதுவாக.

அப்பா என்னைப் பார்த்தார். பூனைகளைப் பார்த்தார். துணிப்பந்தை மூக்கருகே கொண்டுபோய் உறிஞ்சினார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி பூனைகளைப் பார்த்தார். அந்தக் கிழட்டுக் கடுவன் நிமிர்ந்து அவரைப் பார்த்து, நன்றியோடு ஒரு முறை கத்தியது.

"பத்மநாபா!" என்று அப்பா கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "தங்கம் மாமி இன்னிக்கு வராளே!"

ஜன்னலிலிருந்து அம்மா: "அதைத்தான் காலம்பறலேர்ந்து சொல்றேன்!"

ஸ்டெல்லா வந்தாள்

அந்த நேரம் பார்த்துக் கொல்லைப் படலைத் திறந்துகொண்டு ஸ்டெல்லா வந்தாள். என் வகுப்புத் தோழி. அவள் அப்பா விழிஞ்ஞத்துப் பக்கம் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவள் கடற்கரையில் வள்ளங்களுக்கும் படகுகளுக்கும் நடுவில் வளர்ந்து, இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். கொல்லை வழியாக வரலாம், பலகைத்தட்டு வரை வரலாம், அதற்கு மேல் கூடாது என்பது அவளுக்கு அம்மா போட்ட எல்லை. ஸ்டெல்லா அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. "உங்க வீட்டுல நல்ல இடமே இதுதாம்ட்டி" என்பாள்.

அவளிடம் ஒரே ஒரு கஷ்டம். பொய் சொல்ல வராது. பொய் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று உறுதியாக நம்பினாள்.

படலைத் தாண்டியதுமே மூக்கை உயர்த்தினாள்.

"ஏட்டி அலமு, சாளை மீனெண்ணெயில்லா? எங்க ஊருக்கே வந்துட்டமோன்னு நெனச்சேன்!"

பிறகு பூனைகளைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படலோரம் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து நான் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். ஜன்னலுக்குள்ளிருந்து, "சிரிக்கறதுகளாக்கும்! சிரிங்கோ! ஆறாம் பாரம் போச்சுன்னு சிரிங்கோ!" என்று தொடங்கிய அம்மாவின் குரல் பாதியில் உடைந்து, அவளும் சிரித்துவிட்டாள்.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கோயிலில் சாயங்கால மேளம் இன்னும் தொடங்கவில்லை. தொடங்கி முடிவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

சாம்பல் போட்டுத் தேய்த்தோம். எண்ணெய்ச் சேறாயிற்று. சீயக்காய் போட்டோம். மீன் தலைக்குக் குளித்த வாசனை வந்தது. புளியைக் கரைத்து ஊற்றலாம் என்று அப்பா சொன்னதும் ஸ்டெல்லா, "வேண்டாம் மாமா, அப்பொறம் கொழம்பு மணம்தான் வரும்" என்றாள்.

நான் அந்தக் குழிந்த பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்பா மேல்பக்கம் மட்டும்தானே தேய்த்திருக்கிறார்? அடிப்பக்கம் அப்படியேதானே இருக்கிறது? கிண்ணத்தில் தண்ணீர் நிற்கும், கிண்ணத்தைக் கவிழ்த்தால்?

"திருப்பிப் போடலாம்!" என்று கத்தினேன். "எல்லாப் பலகையையும் திருப்பிப் போடலாம்!"

அப்பா உடனே எழுந்தார். அவருக்கு என் மேல் இருந்த நம்பிக்கை அப்படி. சாலைக் கடைத்தெருவைப் படித்துக் காட்டிய பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கண் திறந்தது

காய்கறி நறுக்கும் கத்தியால் அப்பா கயிறுகளை அறுத்தார். ஸ்டெல்லா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையின் மறுமுனையைப் பிடித்தாள். ஜன்னலில் அம்மா பதறினாள்.

"அலமு! அந்தக் குட்டி பலகையைத் தொடறாளே! அப்பளம் போடற பலகைடி!"

அம்மா யோசித்தாள். பலகையில் ஏற்கெனவே இருப்பது என்ன என்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"சரி, தொடட்டும். ஏம்மா ஸ்டெல்லா, வெரல் நசுங்காமப் பார்த்துக்கோ."

பலகையைத் தூக்கித் திருப்பி வைப்பதும், பூனையை விரட்டுவதும், அது திரும்பி வருவதும், மறுபடி விரட்டுவதுமாக வேலை நடந்தது. ஸ்டெல்லா போட்ட முடிச்சுகள் அப்பாவின் முடிச்சுகளை விட இறுக்கமாக இருந்தன. குழிந்த பலகைகளைக் கடைசியில் திருப்பினோம். இரண்டையும் ஒட்டி வைத்தோம்.

ஒட்டிய இடத்திலிருந்து ஒரு கண் எங்களைப் பார்த்தது.

பெரிய கண். என் இரண்டு கையையும் விரித்து வைத்தால்தான் மறையும். வெள்ளை வெளிறி, கறுப்பு மங்கியிருந்தாலும் இமை, விழி, புருவம் எல்லாம் அப்படியே இருந்தன.

ஸ்டெல்லா மெதுவாக நிமிர்ந்தாள். பலகை ஓரத்துத் துளைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"மாமா, இது வள்ளமாக்கும்."

"எது?"

"இந்தத் தட்டு. கயிறு போட்டுத் தச்ச வள்ளம். இந்த ஓட்டையெல்லாம் தையல் ஓட்டை. முன்பக்கத்துப் பலகையில கண்ணு எழுதுவாங்க, கடல்ல வழி தெரியணுமில்லா?"

அப்பா தொண்டையைச் செருமினார். "அரிசி ஏத்தற வள்ளமாத்தான் இருக்கும். கொல்லத்திலேர்ந்து அரிசி ஏத்திண்டு வரும்."

"இல்ல மாமா. இது கரமடி வள்ளம். கரையிலேர்ந்து வலை இழுப்பாங்கல்லா? அது. மீனுக்குன்னே உள்ளது."

இத்தனை வருஷமும் ஸ்ரீவராகம் தின்ற அப்பளம் முழுவதும் ஒரு மீன்பிடி வள்ளத்தின் மேல் உலர்ந்தது. நான் தென்னமெரிக்கா படித்ததும் அதன்மேல்தான். அது ஏன் ஆடியது என்று இப்போது புரிந்தது.

ஜன்னலில் அம்மா வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்புக்கா, அழுகைக்கா என்று இன்று வரை சொல்ல மாட்டேன் என்கிறாள்.

கோயிலில் மேளம் கேட்டது.

மறுபடி திருப்பிப் போட நேரமில்லை. பலகை சுத்தமாக, காய்ந்து, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணெய் இப்போது அடிப்பக்கம். பூனைகள் எல்லாம் தட்டுக்கு அடியில் போய்விட்டன. கண்ணுக்குத் தெரியாமல், பஜனை மடம் போல ஒரே சங்கீதம்.

"இதை எங்கிட்ட விடு" என்றாள் ஸ்டெல்லா. காலி டின்னுக்குள் எண்ணெய்த் துணியைத் திணித்தாள். டின்னைக் கயிற்றில் கட்டினாள். படலைத் திறந்து, டின்னை இழுத்துக்கொண்டு குளத்தங்கரைப் பக்கம் நடந்தாள்.

தட்டுக்கு அடியிலிருந்து முதலில் கடுவன் வந்தது. அதன் பின்னால் வெள்ளை. அதன் பின்னால் வயிறு தொங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக, வாலைத் தூக்கிக்கொண்டு, ஸ்டெல்லாவின் பின்னால் வரிசையாகப் போயின. அரண்மனை எழுந்தருளல் ஊர்வலத்தில்கூட நான் இவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததில்லை.

அப்பா கரி அடுப்பில் பெருங்காயக் கட்டியைப் போட்டார். புகை எழுந்தது. நான் தட்டின் மேல் வெள்ளை வேஷ்டியைப் பிழிந்து விரித்தேன். கண்ணை மூடுகிற அளவுக்கு அது போதவில்லை. விளிம்பில் பாதிக் கண் எட்டிப் பார்த்தது.

மாமி உட்கார்ந்தாள்

"யாரு, திவான் இருக்காளா?" என்று கேட்டுக்கொண்டே தங்கம் மாமி வந்தாள். நெற்றியில் சந்தனம், கையில் இலைப் பிரசாதம். நேராகத் தட்டுக்கு வந்து, வேஷ்டியை ஒதுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம் கண்ணுக்குப் பக்கத்தில்.

மூக்கைச் சுருக்கினாள்.

"பெருங்காயம் பலமா இருக்கே?"

"கல்யாண அப்பளம், மாமி" என்றார் அப்பா. "காயம் தூக்கலா இருந்தாத்தானே மணக்கும்?" சொல்லிவிட்டு மூக்கை ஒரு தரம் உறிஞ்சியும் காட்டினார்.

நான் பொரித்த அப்பளத்தை இலையில் வைத்தேன். மாமி எடுத்தாள். வாயில் வைக்கப் போனவள் குனிந்து பார்த்தாள். வேஷ்டியை இன்னும் கொஞ்சம் விலக்கினாள். முழுக் கண்ணும் வெளியே வந்தது.

"அலமு, இது என்னடி, பலகையிலே கண்ணு?"

நான் ஐந்தாம் பாரம் படித்தவள். மூன்று பாஷை தெரியும். ஒன்றிலும் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அப்பா அடுப்பைப் பார்த்தார். ஜன்னலில் அம்மா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாமி இடப்பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். வலப்பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். எங்கள் தெருவில் வீடுகளுக்கு நடுவில் ஒற்றைச் சுவர்தான், அந்தப் பக்கம் எப்போதும் காதுகள் உண்டு. பிறகு கோயில் முற்றத்தில் நின்று பேசுகிற குரலில் சொன்னாள்:

"ஓ! திருஷ்டிக்கு எழுதி வெச்சிருக்கேளா? நல்ல காரியம்! ஊர் கண்ணு அப்பளத்து மேலே படப்படாதுன்னுதானே?"

"ஆமாம் மாமி!" ஜன்னலிலிருந்து அம்மா பாய்ந்தாள். "திருஷ்டிக்கேதான்!"

"அதான் பார்த்தேன். உங்காத்து அப்பளம் மட்டும் ஒண்ணுகூட விரிசல் விடறதில்லையேன்னு."

அப்பளத்தைக் கடித்தாள். சத்தம் கிணற்றுக்குள் போய்த் திரும்பி வந்தது. அப்பாவின் முகம் மலர்ந்தது. அது காதால் வந்த மலர்ச்சி.

"பந்தி அத்தனைக்கும் நீங்களே போட்டுடுங்கோ. கேட்டேளா?"

மாமி போனதும் நான் தட்டின் மேல் ஏறிக் குதித்தேன். கவிழ்ந்த பலகைகள் ஆடவே இல்லை. தெருவிலேயே கெட்டிக்காரியான மாமியை ஏமாற்றிவிட்டோம் என்று எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஆறாம் பாரம்! ஆறாம் பாரம்!

பின்கதை

அடுத்த வாரம் முழுவதும் தெருப் பெண்கள் ஒவ்வொருவராகக் கொல்லைக்கு வந்து கண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி கும்பிடக்கூடச் செய்தாள்.

இடவப்பாதி வந்தது. கவிழ்ந்த பலகைகளில் தண்ணீர் விழுந்து இருபக்கமும் வழிந்து ஓடியது. ஒரு சொட்டு நிற்கவில்லை. அடிப்பக்கம் இன்று வரை சிதல் ஏறவில்லை. எண்ணெய் விஷயத்தில் கடைக்காரன் சொன்னது முழு உண்மை. ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் கயிறு பார்ப்பதும், பாசி தேய்ப்பதும், கண்ணுக்குச் சுண்ணாம்பும் விளக்குக் கரியும் பூசுவதும் என் வேலை. காலேஜில் சேர்ந்த பிறகும் அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதுகிறாயே, தெரு படிக்காதா என்று அம்மா கேட்கிறாள். ஒருவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

மாமி பெண்ணின் கல்யாணத்தன்று, கடைசிப் பந்தியில் மாமி உட்கார்ந்தாள். நான் அப்பளம் பரிமாறினேன். மாமி என் கையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தாள்.

"அன்னிக்குக் கோயில்லேர்ந்து வரச்சே, குளத்தங்கரையிலே ஒரு பொண்ணு பூனை ஊர்வலம் நடத்திண்டு போறா. என்னடி குட்டி இதுன்னேன். ஒண்ணு விடாமச் சொல்லிட்டா."

என் கையில் இருந்த அப்பளக் கூடை சரிந்தது. ஸ்டெல்லா! அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு!

"எ... எல்லாமுமா, மாமி?"

"வள்ளம் வரைக்கும்."

"அப்புறமும் எங்காத்துக்கு வந்தேளா? சாப்பிட்டேளா?"

மாமி இலையிலிருந்த அப்பளத்தை எடுத்தாள். "உங்கப்பா பிசையற மாதிரி மாவு இந்த ஊர்லே எவன் பிசையறான்? மூக்கு சொல்றதைக் கேட்டுண்டிருந்தா நாக்கு பட்டினி கிடக்காதோ?" என்று சொல்லி நொறுக்கினாள். "ஆமாம், ஆறாம் பாரம் சேரறயோன்னோ?"

"சேரறேன், மாமி."

"சேரு. அந்தக் குட்டியையும் ஒரு நாள் கூட்டிண்டு வா. வாசல் வழியாவே வா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஊர்வலத்திலேர்ந்து ஒரு கிழட்டுக் கடுவன் அன்னிக்கே என் பின்னாலே வந்துடுத்து. போகவும் மாட்டேங்கறது. காலம்பற பால், ராத்திரி என் மடி. ஒரு பேர் வெக்கணும். படிச்சவ, நீதான் சொல்லேன்."

நான் யோசிக்கவே இல்லை.

"திவான்னு வையுங்கோ, மாமி."